குவைத்தை விசாரித்த மழைக்காலம்

சித்திக்கு வந்த வரனில் விசாரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பையன் எங்களைப் போலவே பம்பாயில், செம்பூரில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் கோட்டைப் பகுதியில் ஒரே இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எதிரெதிர் மேஜைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். பாலக்காட்டில் இரண்டு குடும்பங்களின் கிராமங்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான் ஓடியது. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது. ஆனால் விசாரிக்காமல் பெண்ணைக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பையன் குவைத்தில் கணக்கராக இருந்தார். ஆகவே விசாரணை முழுவதும் குவைத்தின் மேல் திரும்பியது.

அது 1966, மழைக்காலத்தின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். மாதுங்காவில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி ஆகிய நால்வருக்கு இரண்டு அறைகள். தாத்தா காலமாகிவிட்டதால் சித்தியின் கல்யாணத்தில் கடைசி வார்த்தை அம்மாவின் அண்ணாவுடையது. மாமா செம்பூரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடையோடு வருவார், காபி குடிப்பார், எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்.

சித்திக்கு அதற்கு முன் ஒரு நிச்சயதார்த்தம் நடந்து, கல்யாணம் நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்று எனக்குச் சொல்லவில்லை. மாதுங்கா மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சித்தி டைப்பிஸ்ட். ஆபீஸ் விட்டு ரயிலிறங்கி வரும் வழியில், பூ விற்பவள் முதல் காபிப்பொடி அரைப்பவர் வரை, "என்னம்மா, ஏதாச்சும் அமைஞ்சுதா?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். இந்த வரனும் தட்டிப்போனால் இனி ஒன்று வராது என்று அம்மா அடுக்களையில் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பையன் லீவில் வந்திருந்தார். ஆடி பிறப்பதற்குள் பதில் தெரிய வேண்டும் என்று பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

முதலில் இடத்தைப் பார்த்தோம். என் பள்ளிக்கூட அட்லஸைத் தரையில் விரித்து நால்வரும் குனிந்தோம். பாரசீக வளைகுடாவின் மேல் மூலையில், இராக்குக்கும் சவூதி அரேபியாவுக்கும் நடுவே, என் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவுக்குக் குவைத் இருந்தது. பெயரை எழுத நாட்டுக்குள் இடம் போதாமல் கடலில் எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு அதுவே பிடிக்கவில்லை.

"பேர் எழுதக்கூட இடமில்லை. அங்கே எப்படிக் குடித்தனம் பண்றது?"

"மாதுங்கா எங்கே இருக்குன்னு இதுல காட்டு அக்கா, பாப்போம்," என்றாள் சித்தி.

அப்பா தினமும் ஆபீஸிலிருந்து ஒரு தகவலோடு வந்தார். எதிர் மேஜையிலேயே பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார், அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் பிள்ளை வீட்டைப் பற்றிப் பிள்ளை வீட்டாரிடமே கேட்பது முறையில்லை என்பதால், கப்பல் இன்ஷூரன்ஸ் பிரிவில் இருந்த குஜராத்தி நண்பரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே நதி என்று ஒன்றுகூடக் கிடையாது. முன்பெல்லாம் குடிதண்ணீரே இராக்கின் ஆற்றிலிருந்து படகில் வந்தது. எண்ணெய் கிடைத்த பிறகு கடல்நீரைக் காய்ச்சி, உப்பை நீக்கிக் குடிக்கிறார்கள்.

"சமுத்திரத் தண்ணியிலயா ரசம் வைப்பா?" என்று அம்மா திகைத்தாள்.

"தட்டுப்பாடே இல்லையாம்," என்றார் அப்பா.

விடியுமுன் எழுந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் எல்லாப் பாத்திரங்களையும் நிரப்பிவைக்கும் அம்மா, "தட்டுப்பாடே இல்லையா?" என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள்.

அடுத்தது மனிதர்கள். அந்த நாட்டில் ஊர்க்காரர்களைவிட வெளியூர்க்காரர்கள்தான் அதிகம் என்று அப்பா சொன்னார். பள்ளிக்கூடமும் வைத்தியமும் அரசாங்கமே தருகிறது. வேலைக்குத்தான் ஆள் போதவில்லை. அதனால் வெளியிலிருந்து வரவழைக்கிறார்கள். அந்த வருஷம்தான் எங்கள் தெரு முனையில், மதராசிகள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று யாரோ சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றியதாகவே இருந்தது.

"அங்கே சுவத்துல எழுதுவாளாமா?"

அப்பாவிடம் அதற்குத் தகவல் இல்லை. மாமா அரசாங்கத்துக்கு வந்தார்.

"ராஜாவா, மந்திரியா? யார் பேச்சு நடக்கறது?"

"ராஜாதான். அமீர்னு பேர். ஆனா சட்டசபையும் வச்சிருக்கா. எலக்ஷன் நடக்கறது."

"அதாவது மாமனாரும் உண்டு, மாமியாரும் உண்டு. ரெண்டு பேர் சொல்லையும் கேட்டாகணும்."

"ஒரே குடும்பத்துலேர்ந்துதான் அமீர் வருவார். போன வருஷம் அண்ணா காலமாயிட்டார், தம்பி பட்டத்துக்கு வந்துட்டார். பெரியவாள்ளாம் கூடிப் பேசி முடிவு பண்ணினாளாம். ஒரு சண்டை இல்லை."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "கேட்டேளா அண்ணா? அவ்வளவு எண்ணெய் இருக்கற சொத்து, அண்ணாகிட்டேர்ந்து தம்பிகிட்ட வந்திருக்கு. கோர்ட்டுக்குப் போகலை."

பாலக்காட்டில் அம்மாவின் பிறந்தகத்து நிலம் அப்போது கோர்ட்டில் இருந்தது. வழக்குப் போட்டிருந்தவர் மாமா. அவர் காபியை ஆற்றிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார்.

"அடுத்தாத்துக்காரனோட தகராறு ஏதாவது?"

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "இராக் கொஞ்ச நாள் இந்த இடமே என்னுதுன்னு சொல்லிண்டிருந்தது. அப்புறம் ஒத்துண்டுடுத்து."

"வில்லங்கம்!" என்று மாமா தம்ளரைக் கீழே வைத்தார். "ஒத்துண்டாலும் வில்லங்கம் வில்லங்கம்தான்."

இருபது சொச்சம் வருஷம் கழித்து இராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது மாமா சொன்னது சரியென்று உலகத்துக்கே தெரிந்தது. அன்றைக்கு அது அவருடைய வழக்கமான பேச்சாகத்தான் எங்களுக்குப் பட்டது. அப்பாவும் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முழுத் தகவலையும் தந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில், "பொம்மனாட்டிகளுக்கு ஓட்டுக் கிடையாதாம்," என்றும் சொன்னார்.

"பாத்தியா!" என்றார் மாமா.

சித்தி பக்கத்து அறையில் மறுநாள் ஆபீஸுக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"இங்கே எனக்கு ஓட்டு இருக்கு அண்ணா. இந்த விஷயத்துல யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

சித்தி உள்ளே போய்ப் புடவையை மறுபடி விரித்தாள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மனுஷாளை நேர்ல பாக்காம ஒண்ணும் சொல்றதுக்கில்லை," என்று எழுந்தார். தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னதுதான். ஆனால் அப்பா அதையும் தகவலாக எடுத்துக்கொண்டார். வளைகுடாப் பக்கத்துக் குடும்பங்கள் மழைக்காலத்தில் பம்பாய்க்கு வருகின்றன, அப்போலோ பந்தர் படகுத்துறைப் பக்கம் ஹோட்டல்களில் தங்குகின்றன என்று குஜராத்தி நண்பர் சொல்லியிருந்தார்.

"எதுக்கு வரா?" என்று அம்மா கேட்டாள்.

"மழையைப் பாக்கறதுக்கு."

வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, நான்கு நாளாகக் காயாத துணிகளுக்கு அடியில் குனிந்து நடந்துகொண்டிருந்தோம். அந்த மனிதர்களின் புத்தியைப் பற்றி அம்மாவுக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டாள். மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாளே சுற்றி எடுத்த கைமுறுக்கை ஒரு தகர டப்பாவில் அடைத்து அம்மா கையில் வைத்திருந்தாள். பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது.

அப்போலோ பந்தரில் மழை சாய்ந்து அடித்தது. பம்பாய்க்காரர்கள் எல்லோரும் அங்கிருந்த பெரிய கல் வளைவுக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நிற்க, வெட்டவெளியில் சில குடும்பங்கள் மட்டும் குடையில்லாமல் நின்றன. நீண்ட வெள்ளை அங்கி அணிந்த ஒருவரிடம் அப்பா போய் ஹிந்தியில் பேசிவிட்டுத் திரும்பினார்.

"இவர் பஹ்ரைன். பக்கத்து ஊர்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. பக்கத்தாத்துலதான் நிஜம் வரும்," என்று, குவைத்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என விசாரிக்க மாமா தானே போனார். "குவைத்வாலே கைஸே லோக் ஹை?"

அந்த மனிதர் யோசித்தார். "அச்சே லோக். தோடா கமண்ட் ஹை."

நல்லவர்கள், கொஞ்சம் கர்வம் உண்டு. மாமா தலையாட்டினார். பையன் வீட்டைப் பற்றிச் செம்பூரில் விசாரித்தபோதும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. பஹ்ரைன்காரர் கடலோரச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு குவைத் குடும்பம் இருந்தது. கறுப்பு அங்கி தரித்த மனைவி, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு மழையைப் பிடிக்கும் மூன்று பிள்ளைகள், அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த தகப்பனார். அவருடைய ஹிந்தி எங்களுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. சிறுவயதில் பம்பாயில்தான் படித்தாராம். அவர் தாத்தா பாய்மரக் கப்பலில் முத்துக் கொண்டுவந்து இங்கே விற்றவராம்.

மாமா கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, வெளியாட்களை உங்கள் ஊரில் எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டார்.

"பம்பாய் எங்களை எப்படி வைத்துக்கொண்டதோ, அப்படித்தான்," என்றார் அவர்.

மாமாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பம்பாயின் உபசாரத்தில் இருவருக்கும் எந்தப் பங்கும் கிடையாது. ஆனாலும் அந்த நன்றியை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

வந்த காரியத்தை அப்பா மெல்ல விளக்கினார். குவைத்காரர் அதைத் தன் மனைவிக்கு அரபியில் சொன்னார். அந்த அம்மாள் எங்களைத் தாண்டி நேராகச் சித்தியிடம் வந்து, மேலும் கீழும் பார்த்து, ஏதோ கேட்டார்.

"உனக்கு அங்கே வர இஷ்டமா என்று கேட்கிறாள்," என்று கணவர் ஹிந்தியில் சொன்னார்.

"ஹாங்," என்றாள் சித்தி.

மழைச் சத்தம் பலமாக இருந்தது. அப்படியும் அந்த ‘ஆமாம்’ எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாமா கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அம்மா சட்டென்று முறுக்கு டப்பாவை அந்த அம்மாள் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் அங்கேயே திறந்து, மழையில் நனைய நனையக் கடிக்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் தன் பையைத் துழாவி, ஒரு காகிதப் பொட்டலம் நிறையப் பேரீச்சம்பழத்தை எடுத்து அம்மாவிடம் தந்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் தாதர் வந்ததும் மாமா கோட்டுப் பித்தானைக் கழற்றினார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீ பக்ஷணம் கொடுத்தே. அவா பழம் கொடுத்தா. நீயும் வாங்கிண்டுட்டே. இல்லையா?"

"ஆமாம் அண்ணா."

"தட்டு மாத்திண்ட மாதிரிதானே ஆச்சு? இதுக்கு மேல வேண்டாம்னு சொன்னா நன்னாவா இருக்கும்? இவளுக்கு ஏற்கெனவே ஒண்ணு நின்னு போயிருக்கு."

"நீங்க சொன்னா சரி அண்ணா," என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர் இருக்கையில் இருந்த எனக்கு மட்டும் அவள் புன்னகை தெரிந்தது. சித்தி பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் பழம் கொடுத்தாள். மாமா இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தப்பா முதலில் போனார். பாஸ்போர்ட் எல்லாம் வந்து சேர்ந்து, ஒரு செம்பூர்க் குடும்பத்தின் துணையோடு சித்தி கப்பலேறியபோது குளிர்காலம் வந்துவிட்டது. பலார்ட் பியர் கப்பல்துறையில் அம்மா அழுதாள். அம்மாவைச் சமாதானப்படுத்தப் போன அப்பாவும் அழுதார். மாமா பெட்டிகளைக் கூலிக்காரரிடம் மூன்று தடவை சரிபார்த்தார். சித்தி மட்டும் அழவில்லை. சுங்கக் கதவுக்குப் போகுமுன் என் அருகில் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி ஒன்று சொன்னாள்.

"அந்த ஊர்ல என்னை ஒருத்தருக்கும் தெரியாதுடீ."

முன்பின் தெரியாத தெருவில், பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர்கூட இல்லாமல் சித்தி நடந்துபோவது கண்முன் வந்தது. அதைவிடப் பெரிய துக்கம் ஒருத்திக்கு வர முடியாது என்று நினைத்தேன். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"கவலைப்படாதே சித்தி. கொஞ்ச நாள் போனா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

சித்தி சிரித்துவிட்டாள். மாமா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு என் தலையைத் தடவிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து போனாள். அழுதுகொண்டே போகவேண்டியவளை நான்தான் சிரிக்க வைத்து அனுப்பினேன் என்ற பெருமையில், வீடு வந்து சேரும்வரை அம்மாவுக்கும் நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன்.