இறக்கைக்கு மஞ்சள்

லண்டனில் நான் பார்த்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பழைய போர் விமானத்துக்குத் துணி தைத்ததுதான். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. விமானத்துக்கு என்ன துணி, சீட் கவரா என்று கேட்பார்கள். இறக்கைக்கே துணி என்று நான் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே இந்தக் கதையை எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். நான் வீட்டிலிருந்தபடி பாவாடைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தேன். ஒருநாள் தபால் கந்தோர்க் கண்ணாடியில் ஒரு அட்டை: கையால் நேர்த்தியாகத் தைக்கத் தெரிந்தவர் தேவை. என்னைத்தான் தேடுகிறார்கள் என்று அடுத்த நாளே இரண்டு பஸ் ஏறிப் போய்விட்டேன்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு புல்வெளி விமானத்திடல், அதன் மூலையில் தகரக் கொட்டகை, உள்ளே மரச்சட்டங்களால் ஆன ஒரு எலும்புக்கூடு. முதலாம் உலகப் போரில் பறந்த வகையாம். விமானம் என்ற ஒன்றே பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்த காலம். மரத்தையும் கம்பியையும் லினன் துணியையும் நம்பி ஆட்கள் வானத்தில் ஏறியிருக்கிறார்கள்! எனக்குப் புல்லரித்துவிட்டது. கொட்டகைக்காரர் ஒரு சாணுக்கும் மேல் நீளமான ஊசியைக் கொடுத்து, ஒரு சட்டத்தில் துணியை இறுக்கித் தைக்கச் சொன்னார். தைத்தேன். முடிச்சை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார், திங்கட்கிழமை வா என்றார்.

கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"பிளேனுக்கோ தைக்கப் போறீர்? ஊரிலை குண்டு போட்டு எங்கட வீட்டுக் கூரையைப் பிரிச்சதே பிளேன்தானே."

"அது வேறை, இது வேறை. இது எழுபது வயசுப் பிளேன். பேசாமல் சாப்பிடுங்கோ" என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. முதல் நாள் ஒரு சின்ன விமானம் கொட்டகைக்கு மேலாகப் போனபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. கொட்டகைக்காரர் தேநீர் போட்டுத் தந்தார்.

அந்த வேலைக்கு ஒரு கெடு இருந்தது. அதே வகை விமானத்தை அந்தப் போரில் ஓட்டிய ஒருவர் உயிரோடு இருந்தார், தொண்ணூறு தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து வந்து, அவர் கண் முன்னால் இதைப் பறக்கவிடுவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு பயணம் செய்ய டொக்டர் விடமாட்டார் என்று அவருடைய மகள் போனில் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு தவறினால் அவர் இதைப் பார்க்கப் போவதே இல்லை.

இறக்கையை நிமிர்த்தி வைத்து, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் கொட்டகைக்காரருமாக ஊசியை மாற்றி மாற்றித் தள்ளுவோம். சட்டத்துக்குச் சட்டம், முடிச்சுக்கு முடிச்சு. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது. கடைசி இறக்கைக்குக் கடைசி முடிச்சைப் போட்ட திங்கட்கிழமை, புத்தம் புது லினன் வெள்ளையாக விறைத்துக்கொண்டு நின்ற அழகைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்து கடதாசியில் மடித்துக் கொண்டுபோயிருந்த மஞ்சள் தூளை ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். புது உடுப்புக்கு மஞ்சள் வைக்காமல் உடுப்போமா?

மத்தியானம் கொட்டகைக்காரர் அந்த இறக்கைக்கு டோப் அடித்தார். டோப் என்பது துணியை மேளத்தோல் மாதிரி இறுக வைக்கும் ஒரு வகை வார்னிஷ், நகப்பூச்சு மணக்கும். பிரஷ் பட்டதுதான் தாமதம், என் பொட்டுக் கரைந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. பளீர் மஞ்சள். மனிதர் போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். வேறொரு துண்டில் மஞ்சள் பூசி, டோப் அடித்து, இழுத்துப் பார்த்தார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வியாழக்கிழமை, பறக்க அனுமதி கொடுக்கும் பரிசோதகர் வருவார், நிறம் மாறிய துணி அவருக்குப் பழுதான துணிதான். கையெழுத்துப் போடமாட்டார். துணியை உரித்துவிட்டு மறுபடி தைக்க இரண்டு கிழமை வேண்டும், கிழவர் வரும் ஞாயிறுக்கோ ஆறே நாள்.

"வெயிலில் வைத்தால் போய்விடும்" என்றேன். மஞ்சள் கறையை வெயில் தின்றுவிடும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய் முழுக்க மழை. அன்று பின்னேரம் நான் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றதைக் கண்டு கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"லண்டனிலை வெயிலுக்கு நேர்த்தி வைச்ச முதல் ஆள் நீர்தான்."

"சிரியுங்கோ. ஞாயிறு அந்தக் கிழவர் வந்து வெறும் புல்லைப் பார்த்திட்டுப் போகட்டும்" என்று எரிந்து விழுந்தேன். பிறகு பார்த்தால் அவரும் ரேடியோவில் வானிலைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வெயில் வந்தது! சும்மா வெயில் இல்லை, எங்கள் ஊர் வெயில். நானும் கொட்டகைக்காரரும் அங்கே இஞ்சின் வேலை பார்த்த இரண்டு பேருமாக இறக்கையைத் தூக்கிக்கொண்டு புல்லுக்கு ஓடினோம். வெயில் நகர நகர நாங்களும் இறக்கையை நகர்த்தினோம். இரண்டு மணிக்கு மஞ்சள் வெளிறியது. நாலு மணிக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கொட்டகைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, உடனே வெட்கப்பட்டு மன்னிப்பும் கேட்டார். மறுநாள் பரிசோதகர் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனார்.

ஞாயிறு கிழவர் வந்தார். சக்கர நாற்காலியில், மெலிந்து, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. டோப் மணத்தை முகர்ந்ததும் கண்ணை மூடிச் சிரித்தார். கொட்டகைக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "இந்த அம்மா உங்கள் இறக்கையில் கறித்தூள் பூசியவர்" என்று போட்டுக்கொடுத்தார். ஏன் என்று கிழவர் என்னைக் கேட்டார்.

"புது உடுப்புக்கு எங்கள் வழக்கம். போடுகிறவருக்கு ஒரு கெடுதலும் வராது" என்றேன்.

அவர் "போடுகிறவருக்கு மட்டும்தானா?" என்று கேட்டார்.

பிறகு, மடியில் வைத்திருந்த கைகளைக் காட்டிச் சொன்னார். அந்தக் காலத்தில் குண்டைக் கையால் தூக்கித்தான் போடுவார்களாம். அவரும் போட்டாராம். கீழே யார் இருந்தார்கள் என்று தெரியாதாம்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, இத்தனை முடிச்சுப் போட்ட என் கைகள் மேலா என்று தெரியவில்லை. எங்கள் கூரை கண்ணுக்குள் வந்தது. அதற்குள் விமானம் புல்லில் தடதடவென்று ஓடி, என் துணியை விரித்துக்கொண்டு எழும்பிவிட்டது. எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், என்னை அறியாமல், சந்தோஷத்தில்.

அது வளைந்து திரும்பி நேரே எங்களை நோக்கி வந்தது. என் கால்கள் ஓடத் தயாராகிவிட்டன. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"கீழே இருக்கிறவர்களுக்கும்தான்" என்று அவர் காதில் கத்தினேன். "இன்றைக்கு நீங்களும் கீழேதானே இருக்கிறீர்கள்."

கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் எங்கள் தலைக்கு மேலாகப் போனது. நான் ஓடவில்லை.