சுடாத தாரும் சத்து மாத்திரையும்

மருந்துக் கடையில் நோயாளியைச் சமாளித்துவிடலாம். நன்றாக இருக்கிறவனைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ஜெலுத்தோங் வட்டாரத்தில் நான் ரொம்பக் காலமாக பார்மசிஸ்ட். கவுண்டருக்கு உள்ளே நிற்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? என் பங்குக்கு லெட்சுமணனைச் சொல்கிறேன்.

விரதத்துக்குத் துணை

லெட்சுமணன் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். மகளுக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று தைப்பூசம் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். பிறந்தது. முதல் காவடி நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் வருஷ விரதத்தில் பயம் வந்துவிட்டது. கோழி இல்லை, மீன் இல்லை, உடம்பு தாங்குமா?

கடைக்கு வந்து கேட்டவருக்கு மல்டிவைட்டமின் போத்தல் ஒன்று கொடுத்தேன். தினம் ஒன்று, விரதம் முடிந்ததும் நிறுத்து என்றேன். தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

"ஒண்ணு போதுமாண்ணே? நான் ஏறப் போறது மலை லா, மாடி இல்ல."

ஒற்றைச் சிலிப்பர்

இரண்டாவது காவடியும் முடிந்தது. மாதங்கள் போயின. தீபாவளி நெருங்கிய ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். வலது காலில் சிலிப்பர் இருந்தது, இடது காலில் இல்லை. எங்கே என்றேன். குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பின்னாலேயே அவர் மனைவி பார்வதி, சிலிப்பரைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"பசார் வாசல்லயே கழண்டு விழுந்துச்சுண்ணே. கத்திக்கிட்டே வர்றேன். காலுக்கே தெரியல, காதுக்கா கேக்கப் போவுது?"

அருள்

கால் எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று கேட்டேன். லெட்சுமணன் பெருமையாகச் சிரித்தார். மூன்றாவது காவடிக்குப் பழக, உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பார்த்தாராம். முந்தைய வருஷங்களில் துள்ளிக் குதித்தவர். ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பக்கமாகவே ஓடியவர். இப்போது சுடவே இல்லையாம். விரதம் தொடங்கும் முன்பே முருகன் அருள் வந்துவிட்டது என்று கோயில் கூட்டாளிகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. ஒருவர் இவர் காலில் விழுந்து கும்பிட்டேவிட்டார்.

காலைத் தூக்கு என்றேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பேனா மூடியால் விரல்களை அழுத்தினேன். தெரியவில்லை என்றார். அவர் சிரிப்பு நின்றது. பார்வதிக்குக் கோபம்தான் வந்தது.

"காலு வெந்து போயிருக்கு, இந்தாளு அருள்ங்கிறாரு! முருகன் என்ன அடுப்பா வச்சிருக்காரு?"

பை நிறையப் போத்தல்

வீட்டில் விழுங்குவதையெல்லாம் கொண்டு வாருங்கள் என்றேன். சாயங்காலமே பார்வதி ஒரு பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். நான் கொடுத்த மல்டிவைட்டமின், இன்னும் நிறுத்தவில்லை. மச்சான் நேரடி விற்பனையில் தலையில் கட்டிய பி-காம்ப்ளெக்ஸ். மகள் பிறந்தநாளுக்குத் தந்த மக்னீசியம். முதலில் கால் குறுகுறுத்தபோது வேறு கடையில் வாங்கிய நரம்பு மாத்திரை. குறுகுறுப்பு கூடியதும் அதை இரண்டிரண்டாகப் போட்டிருக்கிறார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிள்களைப் படித்தேன். எல்லாவற்றிலும் பி-6. அளவாக இருந்தால் நரம்புக்கு நல்லது. மாதக்கணக்கில் அளவு மீறினால் அதே நரம்பைக் கெடுக்கும். வைட்டமின்தானே என்று நாம் நினைப்போம், நரம்பு அப்படி நினைக்காது.

டாக்டரிடம் துரத்தினேன். சர்க்கரை பார்த்தார், மற்றதெல்லாம் பார்த்தார். வேறு கோளாறு இல்லை. அத்தனை போத்தலையும் நிறுத்தச் சொன்னார். கால் உணர்வு திரும்பாமல் வெறுங்காலோடு மலை ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். மூன்றாவது காவடி அந்தரத்தில் நின்றது. லெட்சுமணன் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"முருகனுக்கு என்னண்ணே பதில் சொல்றது? வைட்டமின் சாப்பிட்டேன், அதான் வரலேன்னா?"

தண்ணீர்மலை

வாரா வாரம் வந்தார். பேனா மூடியால் குத்திப் பார்ப்பேன், போ என்பேன். சத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால் பருப்பும் கீரையும் தின்னு என்பேன். கார்த்திகையில் கட்டைவிரல் கூசியது. மார்கழியில் மற்ற விரல்கள். கொப்புளம் ஆறியது. தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு டாக்டர் சரி என்றார்.

எனக்குக் கூட்டம் ஆகாது. ஆனாலும் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. உறுமி முழங்க, காவடியோடு வந்த லெட்சுமணன் திடீரென்று ஒரு துள்ளு துள்ளினார். இன்னொரு துள்ளு. அருள் வந்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் "வேல் வேல்" என்று கத்தினார்கள். பார்வதி அழுதுகொண்டே சிரித்தார். என்னைக் கண்டதும் லெட்சுமணன் காவடிக்குள்ளிருந்து ஊரே கேட்கக் கூவினார்.

"அண்ணே, சுடுதுண்ணே! ஐயோ அம்மா, என்னமா சுடுது!"

விற்க வைத்திருப்பதையே வாங்காதே வாங்காதே என்று சொல்லித் தொண்டை வறண்டுபோவதுதான் நம் பிழைப்பு, அதற்கு ஒரு கோப்பியைத் தவிர வேறு மருந்து எந்த அலமாரியிலும் இல்லை.