கொக்கிக் கம்பியை வாங்கிக்கொண்டவர்

வங்கிக் கிளையில் அவளை எல்லோரும் ஷட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்குவது, மேசைகளைத் துடைப்பது, தண்ணீர் கேன் மாற்றுவது, மாலையில் ஷட்டரை இறக்குவது, இவைதான் அவள் வேலை. தற்காலிக வேலை. நிரந்தரமாக்கச் சொல்லி மேனேஜர் வருடா வருடம் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார். "பார்க்கலாம்" என்று வருடா வருடம் பதில் வரும்.

அந்த ஷட்டர் பழையது, உயரமானது. மேலே போய்விட்டால் யார் கைக்கும் எட்டாது. கிளையில் இருந்த ஒரே கொக்கிக் கம்பியை மாட்டி இழுத்தால்தான் இறங்கும். அப்போதும் இடது பக்கம் முரண்டு பிடிக்கும். "செத்துப்போன என் மாமியாரே பரவாயில்லை" என்பாள் அக்கா.

உலகமே ஆட்டம் கண்ட வருடம் அது. கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில், கட்ட முடியாதவர்களுக்கெல்லாம் வீட்டுக் கடனை அள்ளிக் கொடுத்த பெரிய வங்கிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நமக்கென்ன என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்த ஊர்தான் இதுவும். ஆனால் சில மாதங்களில் ஷூ தொழிற்சாலைக்கு வரும் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. அங்கே சூப்பர்வைசராக இருந்த அக்காவின் மருமகனுக்கு வேலை போனது. நிறைமாத மகளும், நிமிர்ந்து பார்க்கக் கூசிய மருமகனும் பெட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. கட்டில் ஒண்ணுதான், அதுலயும் ஒரு கால் ஆடும். பார்த்துப் படுங்க" என்று சிரித்தாள் அக்கா. அடுப்படிக்குப் போய்த்தான் அழுதாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் இந்த வங்கியும் மூழ்கப்போகிறது என்று வதந்தி கிளம்பியது. வெளிநாட்டில் சரிந்த ஒரு வங்கியின் போர்டு நீல நிறம். இந்த வங்கியின் போர்டும் நீலம். இது போதாதா? ஒரு நாள் காலை, பணத்தை எடுக்க வந்தவர்களின் வரிசை மருந்துக்கடை முனையைத் தாண்டி நின்றது.

மேனேஜர் அவளைத் தனியாக அழைத்தார். "கையில இருக்கிறது சாயங்காலம் வரைக்கும் தாங்கும்க்கா. அதுக்குள்ள தலைமை அலுவலகத்து வண்டி பணத்தோட வந்துடும். இன்னைக்கு மட்டும் மூணு மணிக்கு ஷட்டரைத் தொடாதீங்க. கடைசி ஆள் வர்ற வரைக்கும் திறந்தே இருக்கணும். கலாட்டா ஆச்சுன்னா இந்தக் கிளையைப் பக்கத்து ஊரோட சேர்த்துடுவாங்க. அப்புறம் உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

"சரிங்க சார்" என்றாள். பிறக்கப்போகும் பேரக்குழந்தையின் முகம் கண்முன் வந்து நின்றது.

தினமும் மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவது வழக்கம். புதிதாக யாரும் வர மாட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் வேலை முடிந்து குனிந்து வெளியே போவார்கள். அன்று பகல் முழுதும் வரிசையில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் களைத்திருந்தாள் அக்கா. சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. ஐயோ! மனம் எங்கோ இருக்க, பழகிப்போன கை தானாகக் கம்பியை எடுத்தது. மாட்டியது. இழுத்தது.

கடகடவென்று பாதி ஷட்டர் இறங்கிய சத்தம் தெருவையே உலுக்கியது.

"மூடுறாங்க! பேங்க்கை மூடுறாங்க!"

வரிசை கலைந்து கூட்டமானது. கைகள் ஷட்டரை அறைந்தன. மேனேஜர் முகம் வெளுத்து எழுந்து நின்றார். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கையாலேயே தன் வீட்டில் நெருப்பு வைத்துவிட்டாளே!

ஷட்டரைத் தள்ளி மேலேற்றிவிட்டு, கம்பியோடு வெளியே வந்தாள்.

"மூடலைங்க! தினமும் இந்நேரம் இறக்குவேன். பழக்க தோஷத்துல இழுத்துட்டேன். பணம் வந்துகிட்டிருக்குங்க!"

"யார்கிட்ட கதை விடுறீங்க?" என்று முன்னால் வந்தார் ஒரு லாரி டிரைவர். தொண்டையைத் திறந்தால் தெரு அதிரும் என்பதால் அவர் பெயரே இடி. "இப்ப உள்ள போவீங்க, மறுபடி இழுப்பீங்க. நாங்க வாயைப் பொளந்துகிட்டு நிக்கணுமா?"

அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கம்பியை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்கண்ணே. இது ஒண்ணுதான் இருக்கு. இது இல்லாம மேனேஜரே வந்தாலும் ஷட்டரை இறக்க முடியாது. நீங்களே வச்சுக்குங்க. நீங்க சொன்னாத்தான் மூடுவோம்."

இடி கம்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "இடிதான் இனிமே மேனேஜர்! லோன் கேட்டா குடுப்பாரா?" என்றது. சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் மறுபடி மனிதர்களானது.

"யோவ், வரிசையில நில்லுங்க! பெரியவரே, நீங்க முன்னாடி போங்க. கைக்குழந்தைக்கு வழி விடுங்கப்பா!" வாசலில் கம்பியோடு காவல் நின்றார் இடி. இருட்டும் முன் பணவண்டி வந்தது. அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் வீடு திரும்பினார்கள். எல்லோரையும் முன்னால் அனுப்பிய இடி, கடைசி ஆளாகக் கவுன்ட்டருக்கு வந்தார்.

"எவ்வளவு வேணும்?" என்றார் காசாளர்.

"எனக்கு முன்னாடி வந்த அத்தனை பேருக்கும் குடுத்துட்டீங்க. இனிமே நான் எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும்."

தலைமை அலுவலகத்திலிருந்து அப்போதுதான் போன் வந்தது. வாசலில் என்ன கூத்து என்று கேட்டார்கள் போலும். மேனேஜர் அக்காவை ஒருமுறை பார்த்தார். "நான்தான் கம்பியைக் குடுக்கச் சொன்னேன் சார். கிளை நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இடியைப் பார்த்துக் கைகூப்பினாள். "இந்த உதவியை நான் எப்படி மறப்பேன் அண்ணே!"

"அட போங்கக்கா! என்னைப் பார்த்தா பெட்டிக்கடைக்காரனே கதவைச் சாத்துவான். நீங்க கதவையே என் கையில குடுத்தீங்க." அந்தப் பெருங்குரல் உடைந்து கரகரத்தது. அதை மறைக்க வெளியே போய்க் கம்பியை மாட்டி இழுத்தார். இடது பக்கம் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார்.

"திட்டாதீங்கண்ணே, முறைச்சுக்கும்" என்று கண்ணைத் துடைத்தபடி அருகில் வந்தாள் அக்கா. "இப்படி லேசா ஒரு தட்டு."

இருவர் கையிலும் அந்தக் கம்பி இருக்க, ஷட்டர் சத்தமில்லாமல் இறங்கியது. மறுநாள் காலை அதை அவளே திறந்தாள்.