குமாரவேல் பட்டறைக்கு வந்த கீச்சுச் சத்தம்

மண்ணரையில் குமாரவேல் மெக்கானிக்கைத் தெரியாத கார்க்காரர் இல்லை. பழைய பெட்ரோல் வண்டி எது வந்தாலும் பானெட்டைத் தூக்கும் முன் ஒன்று கேட்பார்: "சத்தம் எப்படி வருதுங்க? உங்க வாயால போட்டுக் காட்டுங்க." பனியன் கம்பெனி முதலாளியே ஆனாலும் ரோட்டோரம் நின்று "டொக்கு டொக்கு" என்று கத்திக் காட்டியாக வேண்டும். அவர் அந்த வாயையே உற்றுப் பார்ப்பார். பிறகு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பிலும் அழுத்தி, கோளாறு டேப்பட்டிலா பேரிங்கிலா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் அதைக் கிறுக்கு என்று சொல்லி ரசித்தது.

கிறுக்குமில்லை, மண்ணுமில்லை. மெல்லிய சத்தம் அவர் காதில் விழுந்து பல வருஷமாகிவிட்டது; வாயசைவைப் பார்த்தும் எலும்பில் அதிர்வைப் பிடித்தும்தான் தொழில் ஓடியது. விவரம் தெரிந்த நாளிலிருந்து, கல்யாணமாகிப் பட்டறை வைக்கும் வரை, தறிக்குடோனில் கிடந்தவர். தறி அடிக்கிற அடியில் அங்கே யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை; வாயசைவைப் பார்த்தே சண்டைகூடப் போட்டுவிடுவார்கள். வீட்டிலும் எல்லோரும் தறிக்காரர்கள், அதே கத்தல்தான். அந்தக் குடும்பத்தில் ஒருத்தனுக்குக் காது போனதை யார் கண்டுபிடிப்பது? அவரும் சொல்லவில்லை. செவிட்டு மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான்? பயம் நியாயமானது. மறைத்ததுதான் பாவம்.

போன தை மாதம் அக்கா புருஷன் கந்தப்பன் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். அவர் இன்றைக்கும் அதே குடோனில் தறி ஓட்டுகிறவர். கூடவே எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் யாழினி.

"மாப்ள, வண்டியில கீச்சுனு சத்தம் வருதுன்னு இவ உசிர எடுக்கறா. எனக்கு ஒண்ணும் தெரியல. நாளைக்கு மூலனூர் போகோணும், பாத்துரு."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "இப்பக்கூட வருதுங்க மாமா" என்று யாழினி உதட்டை இழுத்துச் சன்னமாக அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். குமாரவேலுக்கு அவள் பல்தான் தெரிந்தது. கந்தப்பனும் உதட்டைப் பிதுக்கினார்.

குமாரவேல் ஸ்க்ரூடிரைவரை டேப்பட் கவரில் மட்டும் வைத்துப் பார்த்தார். கீச்சுச் சத்தம் வழக்கமாகக் கிளம்புகிற வாட்டர் பம்ப் பக்கம் போகவே இல்லை.

"டேப்பட் லேசா அடிக்குது மச்சான், பழைய வண்டின்னா அப்படித்தான். கீச்சும் இல்ல, மூச்சும் இல்ல. எந்நேரமும் ஹெட்போனை மாட்டிக்கிட்டா இப்படித்தான் கேக்கும் கண்ணு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாழினி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

மறுநாள் காங்கயம் தாண்டியதும் வாட்டர் பம்ப் பேரிங் இறுகி, டைமிங் பெல்ட் அறுந்து, எஞ்சின் நடுரோட்டில் நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்குப் பிரேக் பிடிக்க இடமில்லை. கந்தப்பன் அங்கேயே போய்விட்டார். யாழினி கை முறிந்து பிழைத்தாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நசுங்கிக் கிடந்த காருக்குள் கையை விட்டு, குமாரவேல் அந்தப் பம்பைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. காய்ந்த பேரிங் இறுகுவதற்கு முன் நாள்கணக்கில் கத்தும் என்பது அவருக்குத் தெரியாததா? அங்கேயே உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார்.

எழவு வீட்டில் சொந்தமும், அவரிடம் வண்டி விடுகிற பாதி மண்ணரையும் உட்கார்ந்திருந்தது. எதிர்ச் சுவரோரம் யாழினி அம்மாவின் தோளில் சாய்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அத்தனை ஒப்பாரிக்கு நடுவிலும் அந்த வாயசைவை அவர் படித்துவிட்டார்.

"வழியெல்லாம் அந்தச் சத்தம் வந்துட்டே இருந்துச்சும்மா. மறுபடியும் சொன்னாச் சிரிப்பாங்கன்னு நான் சொல்லல. நாந்தான் அப்பாவைக் கொன்னுட்டேன்."

குமாரவேலுக்கு முன்னால் இரண்டே வழி. வாயைத் திறந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். திறக்காவிட்டால் இந்தப் பெண் ஆயுசுக்கும் இதைச் சுமப்பாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"உம்மேல தப்பில்ல சாமி. எனக்குக் காது செவுடு. ரொம்ப வருசமா. உங்கப்பனுக்கும் அப்படித்தான். நீ சொன்னது நெசம்."

அவர் வழக்கம்போல் கத்தித்தான் சொன்னார். ஒப்பாரி நின்றது. வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாழினி அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு உங்களுக்கே தெரியுமில்லீங்க மாமா? அப்பறம் எதுக்குங்க என்னயப் பாத்துச் சிரிச்சீங்க?"