டீச்சர் வீட்டு மானிட்டர் ஏன் தூங்கியது?

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில், கெட்டுப்போன பொருளுக்கு வாய் கிடையாது. கொண்டுவருகிறவருக்கு அது இரண்டு இருக்கும். இதை அனுபவித்த சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை தம்போயில் செல்வம் பாஸ் கடையில் எனக்கு வேலை. வந்தவர் வாசல் தாண்டிப் போனதும் அவர் குரலிலேயே பேசிக்காட்டுவது என் இலவச சேவை.

பறக்கும் என்றேன்

பார்வதி டீச்சர் தெப்ராவில் இருக்கிறார். மாலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் டியூஷன். அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஊர்ந்தது. “லினக்ஸ் போடலாம் பாஸ், லேசான சிஸ்டம், பறக்கும்” என்று தூண்டிவிட்டவன் நான்தான். கூடவே, குண்டு மானிட்டரைத் தூக்கிவிட்டு மெல்லிசாக ஒன்று கொடுத்தோம்.

பறந்தது. பிறகு திரும்பி வந்தது. வகுப்பு தொடங்கினாலே மானிட்டர் அணைந்துவிடுகிறதாம். சும்மா இருந்தால் திரையை அணைக்கும் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. டீச்சரோ மவுசைத் தொடாமலே மணிக்கணக்கில் பேசுகிறவர். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அதையெல்லாம் நிறுத்தினேன். டீச்சர் கவலையாகக் கேட்டார்: “நான் பாடம் நடத்துனா பிள்ளைங்கதான் தூங்கும். இப்ப இதுவுமா?”

அமீரின் ஈரத்துணி

மறுபடியும் வந்தது. எங்கள் கடை அமீருக்கு ஒரு பழக்கம். எது வந்தாலும் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்த பிறகுதான் மேசையில் வைப்பார். வைத்தார். போட்டேன். நாள் முழுக்க எரிந்தது, அணைகிற எண்ணமே இல்லை. கேபிளை மாற்றினேன், டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன், லினக்ஸையே புதிதாகப் போட்டேன். தெப்ராவுக்குப் போன அன்றைக்கே மறுபடி இருட்டு.

“இன்னொரு தடவ அந்த மானிட்டர் இந்த வாசல்ல ஏறுச்சுன்னா, லினக்ஸும் வெளிய, நீயும் வெளிய!” என்றார் பாஸ். எங்களோடு பழகித் தமிழ் கற்ற அமீர் என் தோளைத் தட்டினார்: “கடையில நல்ல பிள்ள, வெளிய போனா சைத்தான். உன்ன மாதிரியே லா, தம்பி!”

நானே வர்றேன்

அடுத்த முறை கடை ஃபோன் அடித்தபோது பாஸ் தே தாரேக் குடிக்கப் போயிருந்தார். மறுமுனையில் டீச்சர். மானிட்டர் வாசலேறினால் என் வேலை போச்சு. தொண்டையைக் கனைத்து, பாஸாகவே மாறினேன்: “டீச்சர், நீங்க ஒண்ணும் தூக்கிட்டு வர வேணாம். நானே வீட்டுக்கு வர்றேன் லா.” பாஸ் அனுப்பியதாகச் சொல்லி, கடையில் யாருக்கும் தெரியாமல் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம்.

டீச்சர் நன்றி சொல்லி உடனே பாஸின் கைப்பேசிக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுவார் என்று யார் கண்டது? பாஸ் அதைப் படித்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் டீ குடிச்சிக்கிட்டிருக்கறப்ப இங்க நானே ஃபோன் பேசியிருக்கேன். மரியாதையாத்தான் பேசியிருக்கேன். ஏறுடா கார்ல.”

தெப்ராவில் தரிசனம்

வகுப்பு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். திரை முழுக்கப் பிள்ளைகளின் முகம். டீச்சர் குளித்துவிட்டு வந்தார். சின்னக் கிண்ணத்தில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தார். மானிட்டரின் வலது கீழ் மூலையில் பெரிய பொட்டாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, “சரஸ்வதி தாயே” என்று கண்ணை மூடினார்.

மானிட்டரும் மூடியது. ஸ்பீக்கரில் பிள்ளைகள் “ஹேய்!” என்று கூவினார்கள்.

அந்த மூலையில்தான் மானிட்டரின் பவர் பட்டன். அழுத்தவே வேண்டாம், விரல் பட்டால் போதும். ஈரச் சந்தனமும் அதற்கு ஒரு விரல்தான். கடைக்கு வரும்போதெல்லாம் அமீர் தடயத்தைத் துடைத்திருக்கிறார். பாஸ் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. நான் பொட்டைத் துடைத்து, பட்டனைத் தொட்டுத் திரையை எரியவிட்டு, மேல் ஓரத்தில் புதிதாக வைத்தேன். பிள்ளைகளின் துரதிர்ஷ்டம், வகுப்பு கடைசிவரை நடந்தது.

“அந்த மூலையிலேயே ஏன் டீச்சர்?” என்றேன்.

“அங்கதானே தம்பி வட்டமா ஒரு குறி போட்டிருந்தாங்க? பொட்டு வைக்கத்தான்னு நெனச்சேன்.”

கார் கதவைத் திறந்த பாஸ் என் பக்கம் திரும்பினார்: “நாளைக்கு வேலைக்கு வந்துடு. ஆனா ஃபோன் அடிச்சா நான்தான் நானா பேசுவேன், வெளங்குதா?”

ஆகவே சக பாவிகளே, லினக்ஸைத் திட்டும் முன் மானிட்டரைத் துடைக்காமல் ஒரு முறை பாருங்கள், தெய்வ அருள் எந்தப் பட்டன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ!