மால்ட்பி வென்ற வழக்கு

இங்கிலாந்தின் மேபிள்தோர்ப் கடற்கரையில் டெஸ்மண்ட் மால்ட்பியைப் பற்றி விசாரித்தால், ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர் என்பார்கள். அது பிழைப்பு. பிறவிப் பயன் வேறு: புகார் எழுதுவது.

‘உங்களைத் தொந்தரவு செய்ய நேர்ந்ததற்கு மன்னிக்கவும்’ என்று தொடங்கும் அவருடைய கடிதம் மூன்றாவது பத்திக்குள் எதிராளியின் கழுத்தில் கை வைத்திருக்கும். பிஸ்கட் டப்பாவில் எவ்வளவு உடைசல் இருக்கலாம் என்பது குறித்து அவர் எழுதியதைப் படித்த கம்பெனி, பயந்துபோய் இரண்டு டப்பா அனுப்பியது. ஆஸ்திரியாவிலிருந்து வரவழைத்த பூட்ஸ் முதல் மழையிலேயே வாயைப் பிளந்தது. ஐரோப்பிய நாடுகள் தமக்குள் வைத்திருந்த சின்ன வழக்கு முறைப்படி இங்கே மனு போட்டார். தீர்ப்பு இங்கே கிடைத்தது. ஆஸ்திரியா கோர்ட்டு அமீனா மறுபேச்சில்லாமல் போய் அங்கே வசூலித்தார்.

தன் பேனாதான் வென்றது என்று டெஸ்மண்ட் நம்பிவிட்டார். கேடு அங்கேதான் தொடங்கியது.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று நாடு கேட்டபோது, வெளியேறலாம் என்றே ஓட்டுப் போட்டார். தூசி உறிஞ்சும் மெஷினுக்கு எத்தனை வாட் என்பதை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருப்பவன் முடிவு செய்வதா? “நம்ம சட்டம் நமக்குப் போதும்” என்றார். ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

இனி அவர் மனைவி ஏவ்ரில். கால்கள் கைவிட்டுப் பல வருடங்களாகிவிட்டன, நாக்கு கைவிடவில்லை. பெருந்தொற்று வந்து பிங்கோ ஆட்டக் கூடத்தைப் பூட்டிய பிறகு, அவளுக்கு மிச்சமிருந்தது கடல் ஒன்றுதான். அந்த ஊரில் கடலைப் பார்க்க வேண்டுமானால் அலைதடுப்புச் சுவரின் சரிவுப் பாதையில் ஏறியாக வேண்டும். கையால் தள்ளும் சக்கர நாற்காலியை அதில் ஏற்ற டெஸ்மண்டின் இதயத்துக்கு டாக்டர் அனுமதி தரவில்லை. எனவே இருந்த சேமிப்பை வழித்தெடுத்து, நெதர்லாந்துக் கடைக்காரர் ஒருவரிடம் மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலி வாங்கினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் ஏவ்ரில் தினமும் கடல் பார்த்தாள். பிறகு ஒருநாள் சரிவின் நடுவே நாற்காலி விக்கி, நின்று, செத்துப்போனது.

உள்ளூர் மெக்கானிக் உள்ளே இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டிக் கையை விரித்தான். “இதை நான் திறக்க முடியாதுங்க. செஞ்சவன்தான் மாத்தணும்.” விற்றவரோ முதலில் வேறு பெட்டி அனுப்புகிறேன் என்றார், பிறகு அதுவும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், இலவச ஆலோசனை மையத்தில் வேலை பார்க்கும் கிளெனிஸ் ரட்கின் தோட்டக் கதவுக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்றாள். மனதுக்குப் பிடித்தவர்களை வாத்து என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

“இங்க பாருங்க வாத்தே, இந்த வாரமே கோர்ட்டுல மனுவைப் போட்டுடுங்க. வருஷம் முடிஞ்சா ஒன்றியத்தோட முறை நமக்குக் கிடையாது; அதுக்குள்ள போட்டா பழைய முறையிலயே நடக்கும். அந்த பூட்ஸ் மாதிரி. அவங்க ஊர் அமீனா வசூல் பண்ணிக் குடுத்துடுவாரு.”

“பிரஸ்ஸல்ஸ் முறையிலயா?”

“எந்த முறையா இருந்தா என்ன? நாற்காலி ஓடணுமா வேணாமா?”

டெஸ்மண்ட் நிமிர்ந்து நின்றார். “கிளெனிஸ், நாலு வருஷமா வெளிய போகணும்னு கத்தினவன் நான். கடைசி வாரத்துல அவங்க கதவைத் தட்டிப் பிச்சை கேக்கறதா? புது வருஷம் பொறக்கட்டும். சுதந்திர மனுஷனா நம்ம சட்டத்துலயே போடறேன்.”

“சுதந்திரமா? நீங்களா? உங்க வீட்டம்மாவைக் கேட்டீங்களா?”

“அவளுக்கு இதெல்லாம் புரியாது.”

கேட்கவில்லை. கொள்கை சம்பந்தப்பட்ட விஷயத்தில் மனைவியைக் கலந்துகொள்வது அவருக்கு வழக்கமில்லை.

ஜனவரியில் சுதந்திர மனுஷனாக மனுப் போட்டார். அவர் பெருமைப்பட்டதில் பிழையில்லை: விற்ற பொருள் பழுதானால் விற்றவன் பொறுப்பு என்ற சட்டத்தில் ஓர் எழுத்துகூடக் குறைந்திருக்கவில்லை. கோடையில் தொலைபேசி வழியே விசாரணை நடந்தது. நெதர்லாந்துக்காரர் எட்டிப் பார்க்கவே இல்லை. முழுப் பணமும் திருப்பித் தரப்பட வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார்; மனு மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்ததாகப் பாராட்டவும் செய்தார்.

“ஏவ்ரில்! ஜெயிச்சுட்டோம்!”

“அப்படியா?” என்றாள் ஜன்னலோரத்திலிருந்து. “அப்ப நாற்காலி சுவிட்சைப் போடு.”

அன்று மாலை கிளெனிஸ் வந்தாள். தொற்று தணிந்திருந்ததால் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து தேநீர் குடித்தாள். டெஸ்மண்ட் கேட்டார்: “எப்ப வசூல் பண்ணுவாங்க?”

“நம்ம அமீனா கடற்கரை வரைக்கும்தான் வருவாரு வாத்தே. அதுக்கு அப்புறம் தண்ணி.”

“தீர்ப்பு இருக்கே!”

“இருக்கு. அவங்க ஊர்ல வக்கீல் வெச்சு, இதை அவங்க பாஷையில மாத்தி, அவங்க கோர்ட்டு ஏத்துக்குதான்னு பாக்கணும். அந்தச் செலவுல இன்னொரு நாற்காலியே வாங்கிடலாம். அதனாலதான கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்.”

ஏவ்ரிலின் கோப்பை தட்டில் அமர்ந்தது. “எந்தக் கிறிஸ்துமஸ்?”

கிளெனிஸ் டெஸ்மண்டைப் பார்த்தாள். டெஸ்மண்ட் பிஸ்கட்டைப் பார்த்தார்.

“சொல்லு டெஸ். அப்பவே போட்டிருக்கலாமா?”

“அது ஒரு கொள்கைக்காக…”

“கொள்கைல நீ உக்காந்துக்க. நான் எதுல உக்காரட்டும்?”

மேற்கொண்டு அவள் எதுவும் பேசவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. ஏவ்ரில் திட்டுவதற்கு அவர் பழக்கப்பட்டவர், இதற்கு இல்லை. ஒரு வாரம் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை டெஸ்மண்ட் பரணிலிருந்து கையால் தள்ளும் பழைய நாற்காலியை இறக்கித் துடைத்தார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்று மட்டும் கேட்டாள் ஏவ்ரில்.

“அவரு என்ன, எதையாவது சொல்லுவாரு.”

சரிவில் பாதிவரை தள்ளினார். அங்கே உதடு வெளுத்து, கைப்பிடிமேல் கவிழ்ந்தார். சுவருக்கு அப்பால் கடலின் சத்தம் கேட்டது, கடலைக் காணவில்லை. ஐஸ்கிரீமோடு இறங்கியவர்கள் “அருமையான நாள், இல்ல?” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். “ரொம்ப அருமை” என்று மூச்சுவிட முடியாமல் ஒப்புக்கொண்டார் டெஸ்மண்ட்.

பெரிய நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்றாள். “கை கொடுக்கட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம். நல்லாத்தான் இருக்கோம்.”

“நீ நல்லாயிரு” என்றாள் ஏவ்ரில். பிறகு அந்தப் பெண்மணியிடம் திரும்பி, “எனக்கு வேணும்மா. மேல வரைக்கும் தள்ளிவிடு. இவரை அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காரச் சொல்லு, விழுந்து வெச்சா தூக்க ஆள் இல்ல” என்றாள்.

நாயின் வாரைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி ஏறியது. அவளுடைய நீலத் தொப்பி சுவரின் உச்சியில் ஒரு கணம் தெரிந்து மறுபுறம் இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டெஸ்மண்ட் கம்பியைப் பிடித்தபடி, மூச்சு திரும்புவதற்காகப் பாதிச் சரிவிலேயே காத்துக்கொண்டிருந்தார்.