சார் ஒப்படைத்த போன்

பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு பட்டன் போன். ஐந்தாம் எண் தேய்ந்து வெறும் கறுப்பாகிவிட்டது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில், துணி துவைக்கும்போது ஜன்னல் கட்டையில், ஞாயிறு பூசைக்குக் கிளம்பினால் கைப்பைக்குள் என்று என்னோடேயே இருக்கிறது. உண்மையில் அது என்னுடையதல்ல. பதினோரு வருடம் சாரின் சட்டைப்பையில் கிடந்தது.

சார் என்றால், திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடையின் மாடியில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனியின் என்ஜினீயர். கிணற்று மோட்டாரைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கும் பெட்டி செய்தோம். விவசாயிகளே அதற்குக் கட்டளை எழுதட்டும் என்று சார் ஒரு குட்டி நிரல்மொழியை உண்டாக்கினார். 'கரண்ட் வந்தா ஓடு', 'தண்ணி கொறஞ்சா நில்லு', 'செத்த பொறு' என்று எல்லாம் ஊர்ப்பேச்சு. எந்தக் கட்டளைக்குப் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் விவரக்குறிப்பை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'செத்த பொறு' வந்ததும் மனிதர் நின்றுவிட்டார். கிணறு வற்றினால் ஊற்று திரும்பும்வரை கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம்? தாடிக்கொம்புக் கிணறும் சேவுகம்பட்டிக் கிணறும் ஒன்றுபோல ஊறுமா? முதலில் இருபது நிமிடம் என்று வைத்துப் பார்த்தோம். ஒருவருடைய மோட்டார் வெறுங்கிணற்றில் ஓடிக் கருகிப்போனது. அதை அவர் கீழ்க்கடைக்குத் தூக்கி வந்ததைப் பார்த்த சார் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள், 'கிணற்றைப் பொறுத்தது, கூப்பிட்டுக் கேட்கவும்' என்று எழுதி, தன் போன் நம்பரைப் போடச் சொன்னார். விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் போன் நம்பர்! தப்பு என்று எனக்கு அன்றே தெரியும். நமக்கென்ன என்று தட்டச்சு செய்துவிட்டேன்.

அதோடு மாட்டிக்கொண்டார். அத்தனை கிணறுகளும் அவர் தலைக்குள் வந்து உட்கார்ந்தன. "எந்தக் கெணறு அப்பு? மேக்கால உள்ளதா? அதுக்கு முக்கா மணி நேரம் வையி" என்பார். சித்திரையில் சொன்னது ஐப்பசி மழைக்குப் பிறகு செல்லாது, மறுபடி கூப்பிடுவார்கள். நாங்கள் இருவரும் ஒரே சர்ச் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதால் கோயிலிலும் பார்ப்பேன். பிரசங்கம் தொடங்கியதும் பை அதிரும். குனிந்தபடி பெஞ்சை விட்டு வெளியேறுவார். நற்கருணைக்குத் திரும்பினால் உண்டு. "ஒரு பூசைய முழுசாப் பாத்து எம்புட்டு வருசமாச்சும்மா" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

கம்பெனியை மூடியபோது, விவரக்குறிப்பை ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்திடம் ஒப்படைக்க முடிவு செய்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பொதுவில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். "இனிமே ஊரே பாத்துக்கிரும்மா" என்றபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கெங்கோ இருந்த முகம் தெரியாத மனிதர்கள் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: 'செத்த பொறு' என்றால் எத்தனை நொடி? சார் பழையபடி 'கிணற்றைப் பொறுத்தது' என்றே எழுதி அனுப்பினார். அப்படியானால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். பராமரிப்பாளராக என்னை வரவேற்று மின்னஞ்சல் வந்தபோதுதான் அவர் யார் பெயரைக் கொடுத்தார் என்று எனக்குத் தெரிந்தது.

கொதித்துப்போய் அவர் வீட்டுக்குப் போனேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சார்?"

"கேட்டா நீ மாட்டேன்னுருவம்மா."

போனையும் சார்ஜரையும் மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு அது அடித்தது. அவர் எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கருகிய மோட்டாரோடு நின்றவர் எனக்கு நினைவுக்கு வந்தார். நான்காவது மணியில் நானே எடுத்தேன்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சார் சொல்லச் சொல்லக் கிணறுகளை ஒரு நோட்டில் எழுதினேன். இப்போது நோட்டும் வேண்டியதில்லை. அந்த நிமிடங்களையே ஆவணத்தில் ஏற்றிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். ஒரு மழை பெய்தது, எல்லாம் பொய்யாகிவிட்டது. மதுரையில் தங்கச்சி வீட்டில் ஒரு வாரம் இருந்தபோதும் பாதி நாள் கிணற்றுப் பேச்சுதான்.

போன ஞாயிறு சார் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் கடைசி ஆசீர் வரை அசையாமல் இருக்கிறார். பிரசங்கம் பாதியில் என் கைப்பை பெஞ்சு மரத்தில் உறுமியது. சாரின் கை விருட்டென்று சட்டைப்பைக்குப் போனது. வெறும் பையின் மேல் சற்று நேரம் நின்று, மெல்ல மடிக்குத் திரும்பியது. தலை மட்டும் திரும்பவில்லை. நான் குனிந்தபடி பெஞ்சை விட்டு வெளியேறினேன்.

"அக்கா, கெணறு வத்திருச்சு. எம்புட்டு நேரம் பொறுக்கணும்?"

"எந்தக் கெணறு அப்பு?" என்று கேட்டேன்.